வித்துக்களுக்குத் தாவரப் பொருள்களால் உறையிடுதல்

கமக்காரர்களே,

விதைத்த நாளுக்கும் முளை மண்ணுக்கு மேல் தோன்றும் நாளுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு நாட்களில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே பெரும் நட்டம் நேர்தல் கூடும். எறும்பு வித்தைக் காவிச் செல்லும். காகமும் புறாவும் பொறுக்கும். மண்ணிலுள்ள பங்கசு முளையை அழுகச் செய்யும். ஈரம் போதாதவிடத்து வித்து பாதி ஊறிப் பின் காய்ந்து இறக்கும். இவற்றால் வெளிகள் விழுந்த தரையை மீண்டும் விதைப்பதாயின் வித்துக்குப் பணம் வேண்டும். பணத்திலும் அரிதான மழையீரமும் வேண்டும். உழுந்தும் பாசிப்பயறும் செய்கை பண்ணும் வன்னிக் கமக்காரருக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. பெரும்போகத்தின் முதல் மழையைத் தவறவிட்டவன் அந்த மழையை மறுபடியும் பெறுவதில்லை.

இந்நட்டத்தைக் குறைக்கும் வழிகளுள் ஒன்று, வித்தை விதைப்பதற்கு முன் கஞ்சியால் நனைத்து, இலைத்தூள், உமிச்சாம்பல் போன்றவற்றை அதன்மேல் மெல்லிய உறையாகப் படியச் செய்தலாகும். மேனாடுகளில் கரட், சீனிப்பீற் முதலியவற்றின் வித்துக்கள் களிமண் போன்ற பொருள்களால் உறையிடப்பட்டுச் சிறு உருண்டைகளாக விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் வேம்பு, புங்கு முதலிய மரங்களின் இலைத்தூளைக் கஞ்சியுடன் சேர்த்துப் பயறு வகைகளுக்கு உறையிடும் முறை கமக்காரருக்கு எடுத்துரைக்கப்பட்டு வருகின்றது. நம் முன்னோர் கௌபி வித்தையும் பயறு வித்தையும் சாம்பலிற் புரட்டி வைத்ததும் இவ்வழியைச் சார்ந்ததே. வண்டு துளைக்காதிருத்தலே அவர்களின் முதல் நோக்கமாயிருந்தது.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளைகளினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அத்தடை நீக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அக்காலத்திற் பலவகையான இலைச்சாறுகளும் கரைசல்களும் உறைகளும் வாய்வழியாகப் பரவின. அவற்றுட் சில பயனுள்ளவை. சில வித்தைக் கெடுப்பவை. இரண்டையும் பிரித்தறிவதற்கு உதவுதலே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

உறை செய்வதும் செய்யாததும்

வித்து முளைப்பதற்கு முதலில் நீரை உறிஞ்சுதல் வேண்டும். நெல் தன் நிறையிற் காற்பங்குக்கு மேற்பட்ட ஈரத்தைக் கொண்ட பின்னரே முளைவிடும். அவரை இனத்தைச் சேர்ந்த வித்துக்களுக்கு ஏறக்குறைய அரைப்பங்கு ஈரம் வேண்டும். நீரை உறிஞ்சிய வித்து மூச்சுவிடத் தொடங்குகின்றது. அதற்கு ஒட்சிசன் தேவை. ஆகவே ஈரம், காற்று, அளவான வெப்பம் ஆகிய மூன்றும் ஒருங்கே கிடைக்கும்போதே முளை வெளிப்படும்.

மெல்லிய இலைத்தூள் உறை ஈரத்தை இழுத்துப் பிடித்து, வித்துக்கும் மண்கட்டிக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்புகின்றது. அதனால் ஈரம் மட்டாக உள்ள நிலத்திலும் வித்து சற்று ஒரே சீராக ஊறும். வேப்பிலையின் கசப்பும் சாம்பலின் கரகரப்பும் எறும்பை ஓரளவுக்கு விலக்கும். எள்ளு, கீரை போன்ற மிகச் சிறிய வித்துக்கள் உறையினாற் பருமனாகிக் கைக்கு அகப்படுவதால் அடர்த்தியாகக் கொட்டாமல் அளந்து விதைக்கலாம். இந்த மூன்றாவது நன்மையே மிகப் பெரிது என்பது என் கருத்து. ஒரு கிராம் கீரை வித்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மணிகள் உள்ளன. அவற்றை வெறுங்கையால் விதைத்துவிட்டுப் பின்னர் பிடுங்கிப் பிடுங்கி ஐதாக்கும் வேலை எவ்வளவென்பதைத் தோட்டக்காரர் அறிவர்.

உறையினால் ஆகாதனவும் உள. செத்த வித்தை அது முளைக்கச் செய்யாது. ஒரு சிறு தூறலோடு முளைத்துப் பின் இரண்டு கிழமை வெயிலில் வாடும் பயிரை அது காப்பாற்றாது. நாற்றுமேடையில் மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுக்கள் அடிசாய்ந்து மடியும் நாற்றழுகல் நோய்க்கு இலைத்தூளை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. அதற்கு மேடையின்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி எரித்தல், அல்லது நனைத்த மேடையை நிறமற்ற பொலித்தீனால் மூடிச் சூரிய வெப்பமூட்டல், நீர் தேங்காமல் வடியவிடல், நெருக்கமாக விதையாமை ஆகியனவே முதன்மையான காப்பு.

முதலில் வித்தைச் சோதியுங்கள்

உறையிடுவதற்கு முன் நூறு மணிகளை எண்ணி எடுங்கள். பொறுக்கி எடுக்காமல் மூடையின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து கை போனபடி எடுங்கள். நன்கு கழுவிய ஈரச் சாக்குத் துண்டில் அவற்றை வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காய்ந்துவிடாமல் நீர் தெளித்து வாருங்கள். பயறு, உழுந்து, கௌபி ஆகியவற்றை ஐந்தாம் நாளிலும், நெல்லை ஏழாம் நாளிலும் எண்ணலாம். மிளகாய்க்குப் பதினான்கு நாள் பொறுத்தல் வேண்டும். வேரும் தண்டும் செவ்வனே வளர்ந்த முளைகளை மட்டுமே கணக்கிற் சேர்க்க வேண்டும். வாற்போல வேர் சிறிது நீண்டு நின்றுவிட்டவற்றைச் சேர்த்தல் ஆகாது.

நூற்றுக்கு 85 அல்லது அதற்கு மேல் முளைத்தால் அது நல்ல விதைநெல். 68 முளைத்ததாயின், ஏக்கருக்கு இரண்டு புசல் வீசும் நீங்கள் அதே எண்ணிக்கையான பயிரைப் பெற இரண்டரைப் புசல் வீச வேண்டியிருக்கும். 60க்குக் கீழே வந்தால் உறையையும் மருந்தையும் தேடி அலையாமல் வேறு வித்தைத் தேடுங்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக அறுவடை செய்த நெல் சிலவேளைகளில் உறங்குநிலையில் இருக்கும். பெரும்போக நெல்லை அறுத்துச் சில நாட்களுக்குள் சோதித்து, முளைக்கவில்லையென்று தள்ளிவிடலாகாது. இரண்டு மூன்று கிழமைகள் கழித்து மீண்டும் சோதியுங்கள்.

நெல்லிற் சப்பியை நீக்குவதற்கு உப்புநீர் முறை எளிது. பத்து லீற்றர் நீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பைக் கரையுங்கள். புதிய கோழிமுட்டையை அதிலிட்டால், முட்டை மிதந்து அதன் முதுகு ஒரு நாணயத்தின் அளவுக்கு வெளியே தெரிதல் வேண்டும். மூழ்கினால் இன்னும் உப்பிடுங்கள். நெல்லைச் சிறிது சிறிதாகக் கொட்டிக் கிளறி, மிதப்பவற்றை அரித்து நீக்கிவிட்டு, அடியிற் தங்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கழுவுதலிற் சோம்பல் கூடாது. உப்பு தங்கிய நெல் முளைப்பதில் தளரும்.

தூளும் பிசினும்

முற்றிய வேப்பிலையை அல்லது புங்கிலையைப் பறித்து நிழலிற் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும்வரை ஐந்து முதல் ஏழு நாட்கள் உலர்த்துங்கள். வெயிலிற் போடவேண்டாம். வேம்பிலுள்ள பூச்சியை விலக்கும் பொருள் சூரிய ஒளியிற் சிதைந்துவிடும். உலர்ந்த இலையை உரலிலிட்டு இடித்து, மெல்லிய துணியில் அரித்தெடுங்கள். கரடுமுரடான தூள் ஒட்டாது உதிரும். வேப்பம் பருப்பில் அக்கசப்புப் பொருள் இலையிலும் மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அதன் எண்ணெய் உறைக்கு ஏற்றதன்று. அளவு மிஞ்சினால் முளையையும் தடுக்கும். இலையே போதும்.

சாம்பலைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். உமிச்சாம்பலிற் பெரும்பகுதி சிலிக்கா, அது கடுமையற்றது. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று முதலிய காரப்பொருள்கள் உண்டு. அடுப்பிலிருந்து அள்ளிய புதுச் சாம்பலை ஈர வித்தின்மேல் தடிப்பாக அப்பினால், வெளிவரும் இளவேரின் நுனி கருகும். பல வீடுகளில் உழுந்துக்கு இவ்வாறே செய்யப்படுகின்றது. எறும்பு வராதது உண்மையாயினும் முளையும் குறைகின்றது. விறகுச் சாம்பலைத் தவிர வேறு இல்லையெனில், ஆறிய சாம்பலை அரித்து, இலைத்தூளின் பத்திலொரு பங்குக்கு மேற்படாமற் சேருங்கள். அமோனியம் சல்பேற்று, யூரியா ஆகிய பசளைகளோடு எந்தச் சாம்பலையும் கலந்து வைக்கவேண்டாம். காரம் பட்டால் நைதரசன் அமோனியாவாக வெளியேறிவிடும்.

ஒட்டுப்பொருளாக அரிசிமாக் கஞ்சி எங்கும் கிடைக்கும். ஒரு லீற்றர் நீருக்கு 100 கிராம் பச்சையரிசி மாவைக் கட்டியின்றிக் கரைத்துக் காய்ச்சி, நன்றாக ஆறவிடுங்கள். உப்பிடல் ஆகாது. பழங்கஞ்சியும் புளித்த கஞ்சியும் வேண்டாம். அவற்றிற் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். விளாமரம் உள்ள ஊரவர்கள் விளாம்பிசினை ஓரிரவு நீரில் ஊறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். பழைய விகாரைச் சுவரோவியங்களின் வர்ணத்தைப் பிடித்து நிறுத்தியதும் இப்பிசினே. கஞ்சியிலும் இது மேலானது என்று கருதுகின்றேன். ஆனால் வேண்டிய அளவு சேர்ப்பது கடினம்.

உறையிடும் முறை

ஒரு கிலோ உழுந்து அல்லது பாசிப்பயற்றை எடுத்துக்கொள்வோம். வேப்பிலைத் தூள் 75 கிராமையும் அரித்த உமிச்சாம்பல் 25 கிராமையும் ஒன்றாகக் கலந்து வையுங்கள். அகன்ற தாச்சியில் அல்லது சுளகில் வித்தைப் பரப்பி, ஆறிய கஞ்சியில் ஏறக்குறைய 40 மில்லிலீற்றரைத் தெளித்து, ஒவ்வொரு மணியும் பளபளக்கும் வரை இரண்டு கைகளாலும் மெதுவாகப் புரட்டுங்கள். அடியிற் கஞ்சி தேங்கினால் அளவு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். பின்னர் தூளிற் பாதியைத் தூவிச் சுளகை வட்டமாக ஆட்டுங்கள். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உருளத் தொடங்கியதும் மீண்டும் அதேயளவு கஞ்சியைத் தெளித்து மீதித் தூளையும் தூவுங்கள். எஞ்சிய தூளை வலிந்து அப்ப வேண்டியதில்லை.

உறையின் தடிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. வித்தின் நிறம் உறையினூடே மங்கலாகத் தெரிந்தால் அது போதுமானது. முற்றாக மறைந்து மண்ணுருண்டை போலத் தோன்றினால் காற்றுப் புகாது. மழை மிகுந்த நாளில் அவ்வித்து உள்ளேயே அழுகும். தண்ணீர் தேங்கும் களிமண் தரைக்கு உறையைப் பின்னும் மெல்லியதாக்குங்கள்.

உறையிட்ட வித்தைப் பாயில் ஒரு மணிக் கனத்துக்குப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் இடையிடையே புரட்டி அரைநாள் உலர்த்துங்கள். ஈரத்தோடு சாக்கிற் கட்டி வைத்தல் பெருந்தவறாகும். ஒரு கமக்காரர் சாணக்கரைசலிற் புரட்டிய கௌபி வித்தை மாலையில் சாக்கிலிட்டுக் கட்டி, மறுநாள் காலையில் விதைத்தார். சாக்கைத் திறந்தபோது உள்ளே கைவைக்க முடியாத சூடு இருந்தது. விதைத்தவற்றிற் பாதிக்கு மேல் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயின. சாணம் தீயதன்று, ஈரமான வித்து மூச்சுவிடும்போது எழும் வெப்பம் சாக்கினின்றும் வெளியேற வழியில்லாமற் போனதே கேட்டுக்குக் காரணம். உலர்ந்த வித்தையும் அன்றோ மறுநாளோ விதைத்துவிடுங்கள். உறையிட்டதைச் சேமித்து வைக்கலாகாது.

எள்ளுக்கு முறை சிறிது வேறுபடும். ஒரு கிலோ எள்ளில் ஏறக்குறைய மூன்று இலட்சம் மணிகள் இருப்பதால் அவற்றின் மேற்பரப்பு மிக விரிந்தது. தூள் 300 கிராம் வரை பிடிக்கும். கஞ்சியை ஒரே முறையிற் தெளித்தால் எள்ளு களியாகிவிடும். ஐந்தாறு முறை சிறுகத் தெளித்து, ஒவ்வொரு முறையும் தூளிட்டு, கட்டிகளை அரிதட்டில் உரசிப் பிரியுங்கள். விதைக்கும்போது மூன்று பங்கு உலர்ந்த மணலையும் கலந்து கொள்ளுங்கள். கீரைக்கும் இவ்வாறே.

உறையிடலாகாத வித்துக்கள்

கடையில் வாங்கிய வித்து சிவப்பு, பச்சை, நீலம் போன்ற சாயம் பூசியதாக இருந்தால், அது ஏற்கெனவே பங்கசுநாசினியிற் புரட்டப்பட்டதாகும். அதைக் கழுவவும் வேண்டாம். மீள உறையிடவும் வேண்டாம். மிஞ்சியதை உண்பதும் கோழிக்கு இடுவதும் ஆபத்து.

வேர்முடிச்சுப் பற்றீரியா கலந்த வளமாக்கியைச் சோயா அவரைக்கோ பயற்றுக்கோ இடுபவர்கள் அதே வித்துக்குச் சாம்பலும் வேப்பிலைத் தூளும் இடவேண்டாம். பற்றீரியா உயிருள்ளது, காரமும் கசப்பும் அதைக் கொல்லக் கூடும். கஞ்சியை மட்டும் ஒட்டுப்பொருளாகக் கொண்டு வளமாக்கியைப் புரட்டி, நிழலில் ஆற்றி, அன்றே விதையுங்கள்.

பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றின் தோல் தடித்தது. இவற்றுக்கு மேலும் ஓர் உறை எதற்கு? ஓரிரவு நீரில் ஊறவிட்டு, ஈரத்துணியிற் சுற்றி வைத்து, வேர் எட்டிப்பார்த்ததும் ஊன்றுங்கள். சலாது வித்து முளைப்பதற்கு ஒளியை வேண்டுவது. அதை இலைத்தூளால் மூடுதல் எதிரான வேலை.

நெல்லைப் பற்றிப் பலரும் கேட்பதால் தனியே கூறுகின்றேன். சேற்று வயலில் முளைகட்டி வீசும் நெல்லுக்கு உறை வேண்டியதில்லை. 24 மணித்தியாலம் ஊறவைத்து, 48 மணித்தியாலம் சாக்கில் மூடி முளைகட்டிய நெல்லில் முளைக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. புரட்டினால் இளவேர் முறியும். புழுதியில் விதைப்பவர்களுக்கும் உறையிலும் பார்க்கக் கடினப்படுத்தும் முறையே நன்று. தெரிவுசெய்த நெல்லை இரவில் ஏறக்குறைய 12 மணித்தியாலம் நல்ல நீரில் ஊறவிட்டு, எடுத்து, நிழலில் மெல்லிதாகப் பரப்பி, கடித்தால் முன்போல நொறுங்கும் நிலைக்கு வரும்வரை உலர்த்துங்கள். இவ்வாறு ஒருமுறை ஊறிக் காய்ந்த நெல், மழை பெய்ததும் விரைந்தும் ஒன்றாகவும் முளைக்கும். ஆனால் வேர் வெளிப்பட்ட பின் காயவிட்டால் நெல் இறந்துவிடும், நேரத்தைத் தவறவிடாதீர்கள். எறும்பு மிகுந்த தரையாயின் உலர்ந்த நெல்லோடு உமிச்சாம்பலை வெறுமனே கலந்து வீசுங்கள்; கஞ்சி வேண்டாம்.

உங்கள் வயலிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்

வேப்பிலைச் சாறு கடுமையாயின் சில பயிர்களின் வித்து முளைப்பதையே தடுக்கும். உங்கள் வித்துக்கும் மண்ணுக்கும் உறை ஏற்றதோ என்பதை உங்களைத் தவிர வேறெவரும் தீர்மானிக்க முடியாது. ஆகையால் முழு வித்தையும் புரட்டுவதற்கு முன், உறையிட்ட நூறு மணிகளையும் உறையிடாத நூறு மணிகளையும் மேற்கூறியவாறு சாக்கிற் சோதியுங்கள். உறையிட்டதில் முளை குறைந்தால் தூளை அரைவாசியாக்கி மீண்டும் சோதியுங்கள். பின்னும் குறைந்தால் அவ்வித்துக்கு அத்தூள் ஆகாது.

முதற்போகத்தில் தரை முழுவதையும் உறையிட்ட வித்தால் விதைக்காதீர்கள். ஒரே மண்ணும் ஒரே ஈரமும் உள்ள இடத்தில் இரண்டு கீற்றுக்களை ஒதுக்கி, ஒன்றில் உறையிட்ட வித்தையும் மற்றதில் வெறும் வித்தையும் ஒரே நாளில், ஒரே அளவில், ஒரே ஆழத்தில் விதைத்து, தடிகளை நாட்டி அடையாளமிடுங்கள். ஏழாம் நாளிலும் பதினான்காம் நாளிலும் ஒவ்வொரு கீற்றிலும் பத்தடி நீளமான வரிசைகள் மூன்றை எடுத்து, அவற்றிலுள்ள பயிர்களை எண்ணுங்கள். மழை பெய்த நாட்களையும் எறும்பு, பறவைச் சேதத்தையும் அதே கொப்பியிற் குறித்து வையுங்கள். கண்மதிப்பை நம்பவேண்டாம், புதிதாகச் செய்ததே நன்றாயிருப்பதாகக் கண் சொல்லும். உறையிட உங்களுக்கும் வீட்டாருக்கும் சென்ற நேரத்தையும் எழுதுங்கள். இரண்டு கீற்றுக்களிலும் பயிர் ஒரே எண்ணிக்கையாக நின்றால், அந்த நேரத்தை வரம்பு கட்டுவதிற் செலவிடலாம்.

எண்ணிய கணக்கைக் கமநல சேவை நிலையத்துக்கு வரும் நாளில் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். மிஞ்சிய உறையிட்ட வித்து இருப்பின், அதைச் சாக்கிற் கட்டி வீட்டில் வைக்காமல், வெளிகள் விழுந்த இடங்களிலும் வேலியோரத்திலும் ஊன்றிவிடுங்கள்.